கலிங்கு இல்லாத ஏரிகள்

ஏரிப் பாசனப் பணியில் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் இருந்தவன் என்பதால், புதிதாக ஓர் ஏரியைப் பார்க்கப் போனால் என் கால்கள் முதலில் கலிங்கை நோக்கித்தான் நடக்கும். கரை எவ்வளவு உயரம், மதகு எத்தனை கண் என்பதெல்லாம் பிறகு. வரத்துக்கால் எவ்வளவு நீரைக் கொண்டுவந்தாலும், ஏரி நிறைந்தபின் மிச்ச நீர் எந்த மட்டத்தில், எந்த வழியாக, யாருடைய பயிரையும் கெடுக்காமல் வெளியேறும் என்பதற்கு விடை சொல்லும் இடம் கலிங்குதான். அது சரியாக அமையாத ஏரி, எவ்வளவு பலமான கரையைக் கொண்டிருந்தாலும், ஒரு பெருமழைக்காலத்தில் உடைந்துவிடும்.

நான் எழுத வந்தது சுரங்கக் கழிவைப் பற்றி. மழை மிகுந்த நாடுகளில் சுரங்கம் தோண்டுகிறவர்கள் அந்தக் கழிவையும் அதனோடு சேரும் நீரையும் என்ன செய்கிறார்கள் என்பதைச் சில ஆண்டுகளாகத் தேடிப் படித்துவருகிறேன். படிக்கப் படிக்க, எனக்குத் தெரிந்த கரையும் கலிங்கும் ஊற்றும் வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப வந்து நின்றன.

இந்தத் தேடலைத் தொடங்கிவைத்தவன் என் தங்கையின் மகன். நிலவியல் படித்தவன், பப்புவா நியூகினியின் மேற்கு மாகாணத்தில் தபூபில் என்ற மலையூரில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தான். அங்கிருந்து அவன் பேசும்போதெல்லாம் தகரக் கூரையில் மழை விழும் ஓசை அவன் குரலை மூடிவிடும். "மழை எப்போது விடும்?" என்று ஒருமுறை கேட்டேன். "மாமா, இங்கே மழைக்காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. ஆண்டுக்கு எட்டு மீட்டர் பெய்கிறது. சுரங்கம் இருக்கிற மலைமேல் இன்னும் அதிகம்" என்றான். மில்லிமீட்டரில் மழையை எண்ணிப் பழகிய எனக்கு, மீட்டரில் சொன்ன அந்த அளவு மனத்தில் தங்கிவிட்டது.

ஒரு ஹெக்டேர் நிலத்தில் எட்டு மீட்டர் மழை பெய்தால் அது 80,000 கன மீட்டர், அதாவது 8 கோடி லிட்டர். நான் கடலூர் மாவட்டக்காரன். வடகிழக்குப் பருவமழை சீறிப் பெய்து ஓராண்டில் ஒன்றரை மீட்டர் பதிவானால் எங்கள் பக்கம் வெள்ளம் வந்துவிட்டது என்று பொருள். ஆனால் எங்கள் ஏரிகளில் ஆண்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் உயர நீரை வெயிலே குடித்துவிடுகிறது. அதனால்தான் நம் நாட்டு நீர்க்கணக்கில் கவலை எப்போதும் பற்றாக்குறையைப் பற்றியதாக இருக்கிறது. தபூபிலில் வெயில் குடிப்பது சிறு பங்குதான். மிச்சமெல்லாம் எங்காவது ஓடியே தீரவேண்டும்.

சுரங்கக் கழிவின் தலைவிதியை முடிவுசெய்வது பெரும்பாலும் இந்தக் கணக்குதான். சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில் செம்பு எடுப்பவர்கள் கடல்நீரைக் குடிநீராக்கி, 3,000 மீட்டருக்கும் மேலான உயரத்துக்குக் குழாயில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். அங்கே ஒவ்வொரு லிட்டர் நீரும் திரும்பத் திரும்பப் பயன்படுகிறது. வெளியே விடுவதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. மழைநாட்டில் நிலைமை நேர்மாறு. சுரங்கக் குழியில் விழும் மழை, கழிவுக் குவியலின் மேல் விழும் மழை, ஆலையைச் சுற்றிய நிலத்தில் விழும் மழை எல்லாம் கனிமத்தைத் தொட்ட நீராக மாறி ஒன்றுசேர்கின்றன. அதைத் தேக்கிக்கொண்டே இருக்க முடியாது. சுத்திகரித்து வெளியே விடவேண்டும். அதற்கான ஏற்பாடு இல்லாத இடத்தில் அது தானே வழி தேடிக்கொள்கிறது.

கழிவு என்று இங்கே சொல்வது இரண்டு வகை. தாதுக்கு மேலும் சுற்றிலும் இருந்து வெட்டி எறியும் பாறை ஒன்று. மற்றது, தாதுவை மாவாக அரைத்து உலோகத்தைப் பிரித்தபின் நீரோடு குழம்பாக வெளியேறும் சேறு. இதைத் தொழிலில் இருப்பவர்கள் டெய்லிங்ஸ் என்கிறார்கள். கழிவுச்சேறு என்று நான் எழுதுகிறேன். திறந்தவெளிச் செப்புச் சுரங்கங்கள் பலவற்றில் தாதின் நூறு பங்கில் ஒரு பங்குகூடச் செம்பு இருப்பதில்லை. ஆகவே மலையில் இருந்து வெட்டிய ஏறக்குறைய அத்தனையும் கழிவாகவே முடிகிறது.

தபூபிலுக்கு அருகே ஸ்டார் மலைத்தொடரில் ஃபூபிலான் என்றொரு மலை இருந்தது. இன்று அந்த இடத்தில் ஒரு பெருங்குழி இருக்கிறது. அங்குள்ள மலைமக்களின் மொழிகளில் 'ஓக்' என்றால் ஆறு. மலையடியில் ஓடும் ஓக் டெடி ஆற்றின் பெயரே சுரங்கத்துக்கும் வந்தது. சுரங்கத்துக்கு அனுமதி வழங்கியபோது, கழிவுச்சேற்றைத் தேக்க ஓர் அணை கட்டவேண்டும் என்பது ஏற்பாடு. ஓக் மா என்ற பள்ளத்தாக்கில் அதற்கான வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, 1984 ஜனவரியில், மலைச்சரிவு பெயர்ந்து வந்து அந்த இடத்தை அழித்தது. ஓயாத மழையில் ஊறி நிற்கும், நிலநடுக்கமும் உள்ள, இளம் மலை அது. அணைக்கு இடம் தேடியவர்களுக்கு அந்த மலையே தன் இயல்பைக் காட்டிவிட்டது என்றே நான் நினைக்கிறேன். அதன்பின் செய்திருக்கவேண்டியது, கழிவுக்கு ஓர் இடம் உறுதியாகும்வரை காத்திருப்பது. ஆனால் அதே ஆண்டில் தங்கம் எடுக்கும் வேலை தொடங்கியது. 1987இல் செம்பும் தொடங்கியது. நிரந்தர அணை முதலில் தள்ளிப்போடப்பட்டது, பிறகு கைவிடப்பட்டது. கழிவுச்சேறு நேராக ஆற்றில் விடப்பட்டது, நாளொன்றுக்குச் சுமார் 80,000 டன் என்ற அளவில். கழிவுப்பாறை இதற்கு மேல். அது மலைச்சரிவுகளில் கொட்டப்பட்டு மழையில் அரித்து அதே ஆற்றுக்குள் இறங்கியது.

இதற்கு அடுத்து நடந்ததை ஒரு பாசனப் பொறியாளனாக என்னால் கண்ணால் கண்டதுபோல் உணர முடிகிறது. ஓர் ஆறு எவ்வளவு மண்ணைச் சுமக்கும் என்பதை அதன் வாட்டம், அதாவது சரிவு, முடிவு செய்கிறது. மலையில் செங்குத்தாக இறங்கும் ஓக் டெடி தன்மேல் ஏற்றியதை எல்லாம் உருட்டிக்கொண்டு வரும். கீழே அது ஃபிளை ஆற்றில் சேர்கிறது. ஃபிளை ஆற்றுச் சமவெளியோ மிகமிகத் தட்டையானது. கடலில் இருந்து ஆற்றுவழியே 800 கிலோமீட்டர் உள்ளே போனாலும் நிலம் கடல்மட்டத்துக்குச் சில பத்து மீட்டர் மேலேதான் இருக்கிறது. வாட்டம் குறைந்ததும் ஆறு சுமையை இறக்கிவைக்கிறது. படுகை மேடிடுகிறது. படுகை உயர்ந்தால் முன்பு ஆற்றுக்குள் அடங்கிப் போன நீரே கரைமேல் ஏறி நிற்கும். வாழைக்கும் சேம்பிற்கும் சாகோ பனைக்கும் வளம் தந்துவந்த வெள்ளம், முன்பு விரைவில் வடிந்துவந்த வெள்ளம், மாதக்கணக்கில் வடியாமல் நின்றது. வேர் மூச்சுவிட முடியாமல் மரங்கள் நின்ற நிலையில் காய்ந்தன. 1,000 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆற்றோரக் காடு இப்படிப் பட்டுப்போனது. நஞ்சு என்றால் நிறத்திலும் நாற்றத்திலும் தெரியும் என்று நாம் நினைக்கிறோம். இங்கே பெரிய அழிவைச் செய்தது வெறும் மண்தான். தவறான இடத்தில், தவறான அளவில் வந்துசேர்ந்த மண். அதில் மிஞ்சியிருந்த செம்பு மீன்வளத்தையும் சேர்த்துக் குறைத்தது.

ஆற்றோர மக்கள் 1994இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகர நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1996இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. 1998 முதல் பீகே என்ற இடத்தில் ஆற்றின் அடியில் இருந்து மணலைத் தூர்வாரிக் கரையில் கொட்டிவருகிறார்கள். பின்னர் கழிவுச்சேற்றில் இருந்து கந்தகக் கனிமத்தைப் பிரித்தெடுத்து, குழாய்வழியே அதே பீகேக்குக் கொண்டுபோய்த் தனிக்குழிகளில் மூடிவைக்கும் ஏற்பாடும் வந்தது. சுரங்கத்தின் முதன்மைப் பங்குதாரராக இருந்த பி.எச்.பி. நிறுவனம், இந்தச் சுரங்கம் தன் சுற்றுச்சூழல் மதிப்புகளோடு பொருந்தவில்லை என்று 1999இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, 2002இல் தன் பங்கை ஓர் அறக்கட்டளை அமைப்பிடம் விட்டுவிட்டு வெளியேறியது. சுரங்கம் நிற்கவில்லை.

"ஏன் மூடவில்லை?" என்று மருமகனிடம் சற்றுக் கோபமாகவே கேட்டேன். அவன் அமைதியாகப் பதில் சொன்னான். "மருத்துவமனை, பள்ளி, ரோடு, எல்லாம் சுரங்கத்தோடு வந்தவை மாமா. மூடிவிட்டால் ஆறு உடனே திரும்பிவிடாது. ஆனால் டாக்டர் உடனே போய்விடுவார்." அந்தப் பதிலை நான் தள்ளிவிட முடியவில்லை. அந்த நாட்டின் ஏற்றுமதி வருவாயில் பெரும்பங்கு நெடுங்காலம் இந்த ஒரு சுரங்கத்தில் இருந்து வந்தது. பாதிக்கப்பட்ட ஊர்களே 2001இல் சுரங்கம் தொடர்வதற்கு ஒப்பந்தம் செய்துகொண்டன. ஆனாலும் 1984இல் முடிவெடுத்தவர்கள் முன்னால் இந்த இக்கட்டு இருக்கவில்லை. அப்போது ஆறும் இருந்தது, காத்திருக்க நேரமும் இருந்தது. முதல் ஆண்டில் எடுத்த தவறான முடிவு, பின்னால் வருகிறவர்களுக்கு நல்ல முடிவு ஒன்றையும் மிச்சம் வைப்பதில்லை.

அப்படியானால் அணை கட்டித் தேக்கினால் போதுமா? இங்கேதான் ஏரிக்கரையோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. ஏரி ஆண்டுதோறும் நிறைந்து ஆண்டுதோறும் வற்றும். வற்றிய கோடையில் கரையின் உள்சரிவைப் பார்த்து, நண்டு வளையை அடைத்து, மதகைச் சீர்செய்ய முடியும். ஆயக்கட்டில் பயிர் வைத்தவர்களுக்கு அது பிழைப்பு என்பதால், நள்ளிரவு மழையிலும் கரைமேல் யாராவது ஒருவர் விளக்கோடு நடப்பார். கழிவு அணைக்கு இவை எதுவும் கிடையாது. அது ஒருநாளும் வற்றாது. சேறு நிறைய நிறைய ஆண்டுதோறும் கரையை உயர்த்துவார்கள். முதலில் கட்டியவர் ஒருவர், பத்தாவது முறை உயர்த்துபவர் வேறொருவர். சுரங்கம் மூடிய பிறகும் அது காலமெல்லாம் நிற்கவேண்டும். அதைக் காவல்காக்க, அதனால் பிழைக்கிற ஆயக்கட்டுக்காரர் எவரும் இல்லை.

செலவு குறைவு என்பதற்காகப் பல இடங்களில், முன்பு கொட்டிய சேற்றின் மேலேயே அடுத்த கரையை உள்நோக்கி நகர்த்திக் கட்டுவார்கள். மழை குறைந்த, நிலநடுக்கம் இல்லாத இடத்தில், சேறு வடிந்து இறுகினால், இது நிற்கும். நீர் வடியாவிட்டால் கரையின் அடித்தளம் என்று நம்பியது குழம்பாகவே இருக்கும். பிரேசிலில் புருமாடின்யோவில் 2019 ஜனவரி 25 அன்று இடிந்த 86 மீட்டர் உயர அணை இந்த வகையைச் சேர்ந்தது. 270 பேர் இறந்தார்கள். 2016-க்குப் பின் அதில் புதிதாகச் சேறு விடவே இல்லை. எனவே ஓய்ந்துபோன, ஆபத்தில்லாத அணை என்ற எண்ணம் இருந்திருக்கும். பின்னர் ஆராய்ந்த நிபுணர் குழு, அணைக்குள் நீர்மட்டம் உயரமாகவே நீடித்ததையும், மழைக்காலங்களின் கனமழை மேலடுக்குச் சேற்றின் பிடிப்பைத் தளர்த்தியதையும் காரணங்களில் சேர்த்தது. சில நொடிகளில் அணையின் முகம் முழுவதும் திரவம்போல் சரிந்ததைக் கண்காணிப்புக் கேமரா பதிவுசெய்திருக்கிறது. அந்தக் காட்சியை நான் ஒரே ஒருமுறை பார்த்தேன்.

ருமேனியாவில் பாயா மாரே என்ற ஊரில் நடந்தது என் தொழிலுக்கு இன்னும் நெருக்கமானது. பழைய கழிவுக் குவியலில் இருந்து சயனைடு கொண்டு தங்கம் பிரிக்கும் ஆலை அது. நீர் முழுவதும் உள்ளேயே சுற்றிவரும், ஒரு சொட்டும் வெளியே போகாது என்ற வடிவமைப்பு. கேட்கும்போது நல்ல ஏற்பாடாகத் தோன்றும். மிகுநீர் சேர்ந்தால் அதைப் பாதுகாப்பாக வெளியேற்ற வழி இல்லை என்பதுதான் அதன் மறுபக்கம். 2000 ஜனவரி 30 அன்று, பனி உருகிய நீரும் மழையும் ஒன்றாகச் சேர்ந்து கரை உடைந்து, சுமார் 1,00,000 கன மீட்டர் சயனைடு கலந்த நீர் ஆறுகளில் இறங்கி, ஹங்கேரியின் திசா ஆறுவழியே டான்யூப்வரை போனது. வழியெங்கும் மீன்கள் செத்து மிதந்தன. கலிங்கு இல்லாமல் ஏரி கட்டி, மழை அளவோடுதான் பெய்யும் என்று நம்பியிருந்ததற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

கரையே இல்லாத, வெறும் குவியலாகக் கொட்டிய கழிவும் நீருக்குத் தப்புவதில்லை. வேல்ஸ் நாட்டின் அபர்வான் ஊருக்கு மேலே, மலைச்சரிவில், நிலக்கரிச் சுரங்கத்தின் கழிவை ஏழு குவியல்களாகக் கொட்டியிருந்தார்கள். ஏழாம் குவியலை 1958இல் தொடங்கியபோது அதன் அடியில் நீரூற்று இருந்தது. அது நிலப்படத்திலும் குறிக்கப்பட்டிருந்தது. பல நாள் மழைக்குப் பின் 1966 அக்டோபர் 21 காலை அந்தக் குவியல் குழைந்து இறங்கி, வகுப்புத் தொடங்கியிருந்த தொடக்கப்பள்ளியை மூடியது. இறந்த 144 பேரில் 116 பேர் குழந்தைகள். ஊற்றுக்கண்ணின் மேல் மண்ணைக் கொட்டாதே என்பது எங்கள் ஊரில் கிணறு தோண்டுகிறவருக்குத் தெரியும், கரை போடுகிறவருக்கும் தெரியும். கொட்டும் இடத்தைத் தேர்ந்தவர்கள் அங்கே நீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்கவில்லை. விசாரணை ஆணையம் தேசிய நிலக்கரி வாரியத்தின் மேல் பழியைச் சுமத்தியது. கழிவைக் கொட்டுவதற்கென்று எந்தக் கொள்கையும் அதனிடம் இல்லை என்றது. சரிவின் அச்சம் ஊரில் முன்பே பேசப்பட்டிருந்தது. குவியல்களின் பாதுகாப்புக்கென்று தனிச் சட்டம் அங்கே 1969இல்தான் வந்தது. 2020 பிப்ரவரியில் புயல்மழையில் டைலர்ஸ்டவுன் என்ற இடத்தில் இன்னொரு பழைய குவியல் சரிந்தது, உயிர்ச்சேதம் இல்லை. சுரங்கம் மூடி எத்தனையோ ஆண்டு ஆகியும் மழை அந்தக் குவியல்களை விட்டுவிடவில்லை.

இதுவரை சொன்னது கழிவு நகர்வதைப் பற்றி. அசையாமல் கிடந்தாலும் அது இன்னொரு வகையில் நீரைக் கெடுக்கும். பல தாதுப் பாறைகளில் பைரைட் என்னும், இரும்பும் கந்தகமும் சேர்ந்த பொன்னிறக் கனிமம் உண்டு. பூமிக்குள் அது சும்மா கிடக்கும். உடைத்து வெளியே போட்டால் காற்றும் மழையும் பட்டுக் கந்தக அமிலம் உண்டாகிறது. சில நுண்ணுயிர்கள் அந்த வினையைப் பல மடங்கு வேகமாக்குகின்றன. அமிலம் பாறையில் உள்ள செம்பு, துத்தநாகம் முதலியவற்றைக் கரைத்துக்கொண்டு ஓடையில் இறங்கும். இரும்பு செந்நிற வண்டலாகப் படியும். வேல்ஸின் பாரிஸ் மலையில் 18ஆம் நூற்றாண்டில் உலகின் பெரிய செப்புச் சுரங்கங்களில் ஒன்று இருந்தது. அங்கிருந்து ஓடும் ஓடைக்குச் 'செவ்வாறு' என்றே பெயர். அது இன்றும் அமிலமாகத்தான் ஓடுகிறது.

இதற்கு மருந்தாகப் பெரும்பாலும் சுண்ணாம்பு சேர்க்கிறார்கள். அமிலம் முறிந்து உலோகங்கள் கசடாக அடியில் தங்கும். ஆனால் மழைநாட்டில் வரும் நீரின் அளவுக்கு ஏற்பச் சுண்ணாம்பும், கசடைக் கொட்ட இடமும், இதைச் செய்ய ஆட்களும் முடிவில்லாமல் வேண்டும். ஆகவே அமிலம் உண்டாகவிடாமல் தடுப்பதே அறிவு. இதில் மட்டும் மழை மனிதனுக்குத் துணைநிற்கிறது. நீருக்கு அடியில் ஆக்சிஜன் மிகக் குறைவாகவே ஊடுருவும். எப்போதும் நீரில் மூழ்கிக் கிடக்கும் பைரைட் ஏறக்குறைய உறங்கிவிடும். போர்னியோவின் இந்தோனேசியப் பகுதியில் கெலியன் தங்கச் சுரங்கம் 2005இல் மூடப்பட்டபோது இந்த வழியைத்தான் கையாண்டார்கள். அமிலம் தரக்கூடிய பாறையையும் கழிவுச்சேற்றையும் அணைகளுக்குப் பின்னால் நீர்ப்போர்வையின் கீழ் வைத்தார்கள். வெட்டிய குழியை ஏரியாக நிரம்ப விட்டார்கள். வெளியேறும் நீரைச் சதுப்புநிலங்கள் வழியே செலுத்தினார்கள். மூடுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஊர்மக்களையும் அரசையும் சேர்த்துக் குழு அமைத்துப் பேசினார்கள். நான் படித்தவற்றில் மனத்துக்கு நிறைவு தந்த சிலவற்றுள் இது ஒன்று. எனினும் அந்த அணைகளைக் காலமெல்லாம் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும் என்ற கடமை அங்கேயும் தீரவில்லை. அமிலத்தைத் தடுக்க நீர் வேண்டும், அணை நிற்க நீர் வடியவேண்டும் என்ற இரண்டும் ஒன்றோடொன்று முரண்படுவதுதான் இந்தத் தொழிலின் மிகக் கடினமான முடிச்சு.

சேற்றை அழுத்திப் பிழிந்து ஈரமண்ணாக்கி அடுக்கும் முறை இப்போது பரவிவருகிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது. கரைக்குப் பின்னால் குழம்பு நிற்பதைவிட அடுக்கிய மண் எவ்வளவோ மேல். ஆனால் ஆண்டுக்குப் பல மீட்டர் மழை பெய்யும் இடத்தில் அடுக்கும்போதே அது மீண்டும் நனைந்துவிடுகிறது. இதற்கு முன்பே செய்யவேண்டியதும் எல்லா இடத்துக்கும் பொருந்துவதும் ஒன்றுண்டு: மலையில் இருந்து வரும் நல்ல நீரைச் சுரங்கத்தைத் தொடவிடாமல், மேட்டிலேயே வாய்க்கால் வெட்டிச் சுற்றி அனுப்பிவிடவேண்டும். தொடாத நீருக்குச் சுத்திகரிப்பு வேண்டாம். இது எளிய வேலைபோல் தோன்றும். அந்த வாய்க்கால் சராசரி மழைக்கு வெட்டப்பட்டதா, அந்த மண் கண்டிராத பெருமழைக்கு வெட்டப்பட்டதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த வாய்க்காலில் ஒரு மரம் விழுந்து அடைத்தால் எத்தனை மணி நேரத்தில் ஆள் போய் எடுப்பான் என்பதும் சேர்ந்த கணக்கு அது.

எங்கள் மாவட்டத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே இருந்த மேல்மண்ணை மலைபோல் குவித்திருக்கிறார்கள். நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இடைவிடாமல் இறைத்தால்தான் அங்கே சுரங்கமே நடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த மேல்மண் மேடுகளைப் பலமுறை நின்று பார்த்திருக்கிறேன். புதிதாகக் கொட்டிய சரிவில் முதல் மழையிலேயே விரல் அகல ஓடைகள் விழும். மழைக்காலம் முடிவதற்குள் ஆள் இறங்கி நிற்கும் ஆழத்துக்கு அவை வெட்டிக்கொள்ளும். மரம் வளர்ந்து வேர் பிடித்த பழைய சரிவில் அந்த வெட்டு வெகுவாகக் குறைந்திருக்கும். ஒன்றரை மீட்டர் மழைக்கே இப்படி என்றால் எட்டு மீட்டருக்கு என்ன ஆகும் என்று, மருமகன் தபூபிலுக்குப் போன பிறகுதான் எண்ணிப் பார்த்தேன்.

ஊருக்கு வந்தபோது அவன் பீகேயில் எடுத்த படம் ஒன்றைக் காட்டினான். ஆற்றின் இரு கரையிலும் தூர்வாரிய மணல் நீளமான மேடாகக் கிடக்கிறது. அதன்மேல் புல் வளர்த்திருக்கிறார்கள். பின்னால் காய்ந்த மரங்கள் நீருக்குள் நிற்கின்றன. படத்தை வாங்கி, வழக்கம்போல், அந்த மேட்டில் மழைநீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று தேடினேன். "ஆற்றுப் பக்கம்தான் மாமா" என்றான்.